லிட்டோவின் ரத்தத்தில் இருந்தது

“பெத்து ஒரு மாசங்கூட முழுசா ஆகலை. பிள்ளையை என் மடியில போட்டுட்டு ஹாங்காங்குக்கு விமானம் ஏறிட்டா. அவளெல்லாம் ஒரு தாயா, நீங்களே சொல்லுங்க!”

சுகாதார நிலையத்துப் பெஞ்சில் டெலியா பாடிய பாட்டை, வரிசை மொத்தமும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. அவள் திட்டுவது தம்பி பெண்டாட்டி அர்லினை. தோளில் தூங்குவது அர்லினின் மகன் லிட்டோ.

“அங்கே எவன் வீட்டுப் பிள்ளைக்கோ பால் கலக்குறா. இங்கே அவ பிள்ளைக்கு நான் கலக்குறேன்.”

பச்சை மாங்காயை இறால் விழுதில் தொட்டுத் தின்றுகொண்டிருந்த ஒருத்தி மட்டும் சும்மா தலையை ஆட்டி வைத்தாள்.

“லிட்டோ! உள்ளே வாங்க,” என்று நர்ஸ் மிலாக்ரோஸ் கூப்பிட்டாள். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

லிட்டோ, நிமோனியா தடுப்பூசி ஆராய்ச்சியில் சேர்ந்த பிள்ளை. ஊசிக்கு முன்னால் கொஞ்சம் ரத்தம், பின்னால் கொஞ்சம் ரத்தம். உடம்பில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு ஏறியது என்று தாக்லோபான் நகரத்து ஆய்வுக்கூடத்தில் அளப்பார்கள். சேர்ந்த பிள்ளைக்கு எப்போது இருமல் வந்தாலும் டாக்டர் இலவசம். போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை நிமோனியாவில் போனதைப் பார்த்த டெலியாவுக்கு அந்த டாக்டர்தான் தெம்பு.

“உண்மையைச் சொல்லுங்க டெலியாக்கா. நாங்க முதல் ஊசி போடறதுக்கு முன்னாடி, வேற எங்கேயாவது பிள்ளைக்கு இந்த ஊசி போட்டீங்களா?”

“இல்லையே மேம்!”

“ஊசிக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துலயே சக்தி ஏகத்துக்கு இருக்கு. சோதிக்கும்போது சக்தி இருந்தா மஞ்சள் நிறம் ஏறும். மத்த பிள்ளைங்களுக்கு எலுமிச்சைத் தண்ணி மாதிரி. லிட்டோவுக்கு முட்டை மஞ்சக்கரு மாதிரி! திரும்பவும் பார்த்துட்டாங்க, அதேதான்.”

“நல்லதுதானே?”

“முன்னாடியே ஊசி போட்ட பிள்ளைன்னா ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடுவாங்க.”

டெலியா லிட்டோவைத் தோளோடு இறுக்கிக்கொண்டாள். “குழந்தை யேசு மேல சத்தியமா போடலை! என்னைக் கேட்காம ஒரு கொசுகூட இவனைக் கடிக்க முடியாது.”

“எல்லாப் பிள்ளைக்கும் வயித்துல இருக்கும்போதே தாய்கிட்டேயிருந்து கொஞ்சம் வரும். ஆனா இவ்வளவு வராதே...”

“தாய்கிட்டேயிருந்தா? அவகிட்டேயிருந்து இவனுக்கு வந்தது இந்தச் சப்பை மூக்கு மட்டுந்தான்! இருங்க, அவளையே கேக்குறேன். போறதுக்கு முன்னாடி என்ன பண்ணித் தொலைச்சாளோ.”

போன் வீடியோவில் அர்லின் வந்தாள். பின்னால் யார் வீட்டு அடுப்பிலோ ஏதோ கொதித்தது.

“லிட்டோவுக்கு என்னக்கா? காய்ச்சலா?”

“அவன் நல்லாத்தான் இருக்கான். நீ போறதுக்கு முன்னாடி திருட்டுத்தனமா அவனுக்கு ஊசி போட்டியா? ஒழுங்காச் சொல்லு. உன்னால நமக்கு டாக்டர் இல்லாமப் போகப்போகுது!”

அர்லினின் கண் அடுப்புப் பக்கம் போய்த் திரும்பியது.

“பார்த்தீங்களா மேம், முழிக்கிறதை!”

“அவனுக்குப் போடலைக்கா. நான் போட்டுக்கிட்டேன்.”

“உனக்கு எதுக்குடி?”

“எட்டாம் மாசம். வேலை உறுதியாயிடுச்சு. பால் குடுக்க நான் இருக்க மாட்டேன், வேற என்ன குடுத்துட்டுப் போகலாம்னு மருத்துவச்சிகிட்ட கேட்டேன். அவங்கதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. நான் ஊசி போட்டுக்கிட்டா தொப்புள்கொடி வழியா அவனுக்குப் போகும், அவனுக்கு ஊசி போடற வரைக்கும் காப்பாத்தும்னு சொன்னாங்க.” அர்லின் திரைக்குக் கிட்டே வந்தாள். “மேம், அவன்கிட்ட போய்ச் சேர்ந்துச்சா?”

மிலாக்ரோஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“சேர்ந்துடுச்சும்மா. ஒரு குறையும் இல்லாம சேர்ந்துடுச்சு. ஆய்வுக்கூடமே அசந்து போய்க் கிடக்கு. நான் விவரம் எழுதி அனுப்புறேன். தாய் குடுத்ததுக்காகப் பிள்ளையை யாரும் எடுக்க மாட்டாங்க.”

டெலியா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“சாப்பிட்டியாடி?”

“இன்னும் இல்லக்கா.”

“முதல்ல போய்ச் சாப்பிடு.”

வெளியே வந்தவள் பெஞ்சில் உட்காரவில்லை. பந்தயத்தில் ஜெயித்த கோப்பையைத் தூக்குகிற மாதிரி லிட்டோவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

“நல்லாப் பார்த்துக்குங்க! ஆய்வுக்கூடத்தையே அசர வச்ச பிள்ளை. அத்தனையும் இவன் அம்மா குடுத்து அனுப்பினது. எங்க அர்லினைப் பத்தி இனிமே எவளாவது ஒரு வார்த்தை தப்பாப் பேசுங்க, அப்புறம் இருக்கு!”

வரிசையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. காலையிலிருந்தே அங்கே திறந்திருந்தது ஒரே ஒரு வாய்தானே!