ஆளுக்கொரு வண்டி

"இனிமே ஒரே ரூம்ங்கிற பேச்சே கிடையாது!" வாசலில் நின்று கலாவதி போட்ட சத்தம் டெக்சாஸின் பிளானோ நகரத்து அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. தலையணையையும் போர்வையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் கணவர் நஞ்சுண்டன் படியிறங்கினார்.

பக்கத்து வீட்டில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மேர்சி, ஹோஸை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, குழந்தை மருத்துவர். யார் அழுதாலும் அவளுக்குப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"என்ன அண்ணா, தலகணியோட எங்க வெளிக்கிட்டியள்?"

"என் வண்டிக்குத்தான் மேர்சி. இனிமே நான் அதுலதான் படுத்துக்கப் போறேன்."

"நான் என் வண்டியில படுத்துக்கறேன்," என்றாள் கலாவதி. அவள் கையில் ஒரு பழைய பேபி மானிட்டர் இருந்தது. மகள் வான்மதி தொட்டிலில் கிடந்த காலத்தில், அவள் அழுகை அடுத்த அறையில் கேட்பதற்காக வாங்கிய சாமான். அந்த வான்மதி இப்போது ஆஸ்டினில் கல்லூரியில் படிக்கிறாள். இவ்வளவு சண்டைக்கு நடுவிலும் கலாவதி கராஜைச் சுத்தம் பண்ணுகிறாளே என்று மேர்சிக்கு ஆச்சரியமாக இருந்தது.

சண்டை புதிதல்ல. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு கிராண்ட் கேன்யன் போவதென்று இருவரும் ஒரே பேச்சில் முடிவு செய்துவிட்டார்கள். எந்த வண்டியில் போவது என்பதில்தான் கோடை முழுவதும் போயிற்று.

நஞ்சுண்டனுக்கு யூடியூபில் பார்த்த ஜப்பான் வண்டி மேல் தீராத காதல். ஒரு பீரோவுக்குச் சக்கரம் வைத்ததுபோல் இருக்கும். அதற்குள்ளேயே படுக்கை, அடுப்பு, குழாய், மடக்கு மேஜை எல்லாம் வைத்திருந்தார்கள்.

"வெளிநாட்டுல எவ்வளவு காம்பேக்டா வாழறாங்க பாரு கலா!"

"வாழட்டும். அதுக்குள்ள நான் புடவை கட்டணும்னா ஒரு காலை வெளிய நீட்டணும். போதாக்குறைக்கு உங்க குறட்டை வேற. அந்த டப்பாவே ஆடும்!"

கலாவதி கேட்டது அமெரிக்க வண்டி. பெரிய கட்டில், ஆளுயர ஃப்ரிட்ஜ், ஷவர், தோசைக்கல் வைக்கத் தோதான அடுப்பு.

"அது வண்டியில்ல, அப்பார்ட்மென்ட். அதை வெச்சுக்கிட்டு ஒரு யூ-டர்ன் அடிக்கணும்னா பக்கத்து ஸ்டேட் ஓக்லஹோமா வரைக்கும் போயிட்டு வரணும்!" என்பார் நஞ்சுண்டன்.

போன மாதம் வண்டி விற்கும் இடத்துக்கு இவர்களுடன் துணைக்குப் போனவள் மேர்சிதான். கலாவதி அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்தாள். நஞ்சுண்டன் உள்ளே ஏறவே இல்லை. மோட்டார் சைக்கிள் ஏற்றிக்கொள்வதற்கென்று வண்டியின் பின்பக்கம் ஒரு தனி அறை உண்டு. மனிதர் அதன் கதவை டேப் வைத்து அளப்பதும், தலையைச் சொறிவதும், மறுபடி அளப்பதுமாக இருந்தார். கோபத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிறார் என்று மேர்சி விட்டுவிட்டாள்.

கடைசியில், நேற்று அந்தப் பெரிய வண்டிதான் மூன்று வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. சரி, அண்ணா விட்டுக்கொடுத்துவிட்டார் என்று மேர்சி நிம்மதியாகத் தூங்கினாள். விடிந்து பார்த்தால் கதை இப்படி.

"ரெண்டு பேரும் ரெண்டு வண்டியிலயோ போகப் போறியள்? அதுவும் கலியாண நாளுக்கு? சனம் என்ன சொல்லும்? ஆராவது ஒராள் விட்டுக்குடுங்கோவன்!"

"நான் ஏன் விட்டுக்கொடுக்கணும்?" இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. அன்றைக்கு அவர்கள் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

மேர்சி வான்மதிக்குப் போன் போட்டாள். "பிள்ளை, அம்மாவும் அப்பாவும் பிரியப் போயினம். உடனே வா!"

"ஆன்ட்டி, தே ஆர் ஃபைன். ஜஸ்ட் லெட் தெம் கோ," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டது அந்தப் பெண்.

மேர்சிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவளுக்குச் சோறு போட்ட வீடு இது. இது இரண்டாகப் பிரிவதை அவளால் தாங்க முடியவில்லை.

"அண்ணா, உங்கட வண்டிச் சாவியைத் தாங்கோ. உங்களைத் தனியப் போக விடமாட்டன். எங்க அந்த வண்டி?" என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பெரிய வண்டியைத் தவிர வேறெந்த வண்டியும் அங்கே இல்லை.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நஞ்சுண்டன் பெரிய வண்டியின் பின்பக்கம் போய் ஒரு பொத்தானை அழுத்தினார். கதவு முனகிக்கொண்டே சாய்ந்து தரையைத் தொட்டது.

உள்ளே, நான்கு பக்கமும் பட்டை போட்டுக் கட்டப்பட்டு, வெள்ளையாக, குட்டியாக நின்றது ஜப்பான் வண்டி.

நஞ்சுண்டன் அதற்குள் புகுந்து, தலையணையைப் போட்டு, உடம்பை மூன்றாக மடக்கிப் படுத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கையாட்டினார்.

"வண்டிக்குள்ள வண்டியோ!" மேர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்லதாப் போச்சு. இனிமேலாவது அக்கா குறட்டைச் சத்தம் இல்லாம நிம்மதியா நித்திரை கொள்ளுவா."

சாய்ந்து கிடந்த கதவின் மேல் கலாவதி ஏறிப்போய், கையிலிருந்த பேபி மானிட்டரை ஜன்னல் வழியாகக் கணவரின் தலைமாட்டில் வைத்தாள்.

"ஏங்க, இதை ஆஃப் பண்ணிடாதீங்க. குறட்டை கேக்கலைன்னா எனக்குத் தூக்கம் வராது."