ஊமையாய் நின்ற அலைகள்

காலைக் காப்பிக்கு முன் கணினியில் ஒரே ஒலிக்கோப்பை இருமுறை சொடுக்குவது தணிகாசலத்தின் வழக்கம். உடனே, மறைந்த மனைவி வடிவாம்பாள் ரசம் வைக்கும் முறையைச் சொல்லத் தொடங்குவாள். அன்று குரல் எழவில்லை. திரையெங்கும் பச்சை அலைகள் ஊமையாய் நின்றன.

"உங்க அத்தை குரல் அழிஞ்சு போச்சாம்மா?"

மருமகள் இளவேனில் பதறி வந்தாள். ஒலியை அலைகளாகக் காட்டி, பாட்டுகளை வெட்டி ஒட்ட உதவும் தன் செயலியிலேயே எல்லா ஒலிக்கோப்புகளும் திறக்கும்படி முந்தைய நாள் மாற்றியவள் அவள்தான்.

"எங்கயும் போகல மாமா. உங்கள ஒரு வார்த்தை கேக்காம மாத்திட்டேன். என் தப்புதான்."

உயர்ந்து நின்ற ஓர் அலைமீது அவர் விரல் வைத்தார்.

"இங்கதான் உப்பைச் சொல்ல மறந்துட்டுச் சிரிப்பா."

இளவேனில் பழையபடி மாற்றிச் சொடுக்கினாள். அலைகள் மறைந்து குரல் எழுந்தது. சிரிப்பு வரும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.