கறுப்புச் சட்டைச் சாமி

பள்ளிக்கூட அதிபரின் அறைக்குள் கிரி வெறுங்காலுடன் நின்றான். வெளியே ஜனவரி மாதத்துப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பூட்ஸைக் கதவடியில் கழற்றிவிட்டு, கறுப்புச் சட்டையும் மழிக்காத தாடியுமாக யாரையும் நிமிர்ந்து பாராமல் நின்றவனைக் கண்டு, பொலிஸ்காரர் தன் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

நகரத்துக் கல்லூரியொன்றில் கறுப்பு உடுத்த ஒருவன் துப்பாக்கிச் சூடு நடத்தியதிலிருந்து மொன்றியல் பள்ளிக்கூடங்களுக்குக் கறுப்புச் சட்டை என்றாலே காய்ச்சல். இந்தப் பள்ளிக்கூடமும் ஆபத்தான மாணவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு குழு அமைத்தது. அதிபரும் உளவியல் அம்மாவும் பொலிஸ்காரரும் வாராவாரம் கூடிக் கோப்பி குடித்து, எந்தப் பிள்ளை எப்போது வெடிக்கும் என்று கணித்தார்கள்.

வேலை இல்லாமலும் இல்லை. செப்டம்பரிலும் ஒக்டோபரிலும் மெட்ரோ வாசலில் மாணவர்களின் மூக்குகள் வரிசையாக உடைந்தன. உடைத்தது யார் என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நவம்பர் நடுவில் குழு கூடத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒரு மூக்கும் உடையவில்லை என்று அதிபர் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது குழுவின் கண்ணில் பட்டவன் கிரி. கறுப்பு உடுப்பு, தனியே சாப்பாடு, சிரிப்பே இல்லை. போதாக்குறைக்கு, மூட்டையைக் கட்டினால் எல்லாம் முடிந்துவிடும் என்று வகுப்பில் யாரிடமோ சொல்லியிருக்கிறான். ஆபத்தானவன் என்று குழு முடிவெடுத்தால், படிப்பின் கடைசி வருடத்தில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவனுடைய தாய் குணேஸ்வரி பக்கத்தில் இருந்து கைலேஞ்சியைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. அதனால் மொழிபெயர்க்க வந்திருந்தார் குலேந்திரன். பக்கத்து நகரமான லொங்குய்யில் கந்தோர் வேலை, கோயில் சபையில் உபதலைவர் பதவி, எதையும் விளக்கிச் சொல்வதில் தீராத ஆசை. அவருடைய மகன் வசீகரனும் இதே பள்ளிக்கூடம்தான். ஒக்டோபரில் படியில் சறுக்கி விழுந்து மூக்கை உடைத்துக்கொண்ட சாதுவான பிள்ளை.

கிரியின் கழுத்தில் கிடந்த மாலையைக் கண்டதும் குலேந்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து கைகூப்பி, “சாமி சரணம்” என்றார். கிரியும் கைகூப்பினான். பொலிஸ்காரரின் கை இடுப்புக்குப் போய்த் திரும்பி வந்தது.

பிறகு குலேந்திரன் ஒரு பிரசங்கமே செய்தார். ஐயப்பனுக்கு மாலை போட்டவன் கறுப்புத்தான் உடுப்பான், தாடி மழிக்கமாட்டான், மச்சம் மாமிசம் தொடமாட்டான், யார் மீதும் கை ஓங்கவே மாட்டான். கார்த்திகை முதலாம் திகதி, அதாவது நவம்பர் நடுவில், போட்ட மாலை இது, நாளை மகரசோதியோடு விரதம் முடிகிறது. மூட்டை என்றது இருமுடி, அதற்குள் இருப்பது நெய்த் தேங்காய். தேங்காய்க்குள் நெய் எப்படிப் போகும் என்று பொலிஸ்காரர் கேட்டதற்கும் அவரிடம் பதில் இருந்தது. உளவியல் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

குணேஸ்வரி மெல்லக் குறுக்கிட்டாள். “அண்ணை, இன்னும் கொஞ்ச நாளைக்கு மாலையைக் கழட்டவேண்டாம் எண்டு இவையளை இவனுக்கு ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ.”

பக்தி என்றால் இதல்லவோ பக்தி என்று குலேந்திரன் உருகிப்போனார். வெள்ளைக்காரருக்கு இதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது? தாயார் உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்று மொழிபெயர்த்துவிட்டார்.

ஆபத்தில்லை என்று குழு ஏகமனதாக முடிவு செய்தது. இப்படி அமைதியான பிள்ளைகள் நாலு பேர் இருந்தால் எங்களுக்கு வேலையே இருக்காது என்றார் அதிபர். பொலிஸ்காரர் எழுந்து வந்து கிரியின் கையைக் குலுக்கிவிட்டு, நொந்த விரல்களை நீவிக்கொண்டார்.

கதவடியில் கிரி பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தான். குலேந்திரன் அவன் தோளில் தட்டி, தன் மகனுக்கும் இப்படி ஒரு சிநேகிதன் வாய்க்கவேண்டும் என்று மனதாரச் சொன்னார்.

கிரி முதல் தடவையாகச் சிரித்தான். செய்த உதவியை மறக்கிறவன் இல்லை அவன். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், மிகவும் மரியாதையாகச் சொன்னான்.

“நாளைக்கு மாலை கழட்டுறன் அங்கிள், வசியை மெட்ரோப் பக்கம் விடாதேங்கோ.”