பதினான்காம் நாள்

படிக்கட்டில் செருப்புச் சத்தம் நின்றது.

அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். தூக்குவாளியைக் கீழே வைக்கும் ஒலி. பிறகு ஒரு செருமல்.

சீனிராஜ். கணவனின் தம்பி. கீழ்வீட்டில் இருப்பவன்.

"மதினி, வாளிக்கு அடியில ஒரு பேப்பர் வச்சிருக்கேன். படிச்சு வைங்க."

அவன் இறங்கிப் போகும்வரை காத்திருந்தாள்.

அவள் கணவன் பாலகுரு போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. மூச்சு முட்டுகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. முகத்தைக்கூடக் காட்டவில்லை. உடலைக் கட்டி எடுத்து நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டதாகப் போனில் சொன்னார்கள். அவளுக்கும் தொற்று இருந்தது. நகராட்சியிலிருந்து வந்து மாடிக் கதவில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டினார்கள். பதினான்கு நாள். யாரும் உள்ளே போகக் கூடாது. இவள் வெளியே வரக் கூடாது.

காகிதத்தைப் பிரித்தாள். பத்திர எழுத்து.

மாமனார் விட்டுப்போன வீட்டில், இறந்த என் கணவருக்குச் சேர வேண்டிய பாகத்தை, பிள்ளை இல்லாத நான், மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன்.

மனப்பூர்வமாக என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது.

தூக்குவாளியிலிருந்த சோற்றைத் தொடாமல் மூடி வைத்தாள்.

கீழ்வீடு மாமனாருடையது. மாடி அப்படியில்லை. இரண்டு பேரும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்வந்து எழுப்பியது. பூச்சு காயாமல் காலையும் மாலையும் அவள்தான் சுவருக்குத் தண்ணீர் அடித்தாள். அவள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

மறுநாள் சீனிராஜ் படிக்கட்டில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வெள்ளிக்கிழமைக்குப் பத்திர ஆபீசில் டோக்கன் போட்டாகிவிட்டது. பதினான்காம் நாள் வியாழனோடு முடிவதால் பார்த்துத்தான் போட்டிருக்கிறான். கையெழுத்து ஆனதும் அங்கிருந்தே காரில் அவளுடைய அண்ணன் ஊருக்குப் போய்விடலாம். சாமான்கள் பின்னால் வண்டியில் வரும்.

குரலில் கோபமே இல்லை.

அண்ணனுக்குப் போன் செய்தாள். சீனிராஜ் அவனிடம் முன்பே பேசியிருந்தான். வந்து ஒரு ஓரமாக இருந்துகொள் என்றான் அண்ணன்.

ஓரமாக.

அன்று சாயங்காலம் கதவுக்கு உள்ளிருந்தே சொன்னாள்.

"நான் எங்கயும் போகல."

"யோசிச்சுச் சொல்லுங்க மதினி."

அதற்குப் பிறகு தூக்குவாளி வரவில்லை.

காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். படிக்கட்டுக்குக் கீழே இருந்த இரும்புக் கேட்டில் புதுப் பூட்டு.

காளீஸ்வரி ஒருத்திக்குத்தான் கேட் திறந்தது. நகராட்சி அனுப்பும் பெண். தினமும் பதினோரு மணிக்கு வந்து நெற்றிக்கு நேராகக் கருவியைப் பிடித்துச் சூடு பார்ப்பாள். ஒரு பையில் பாலும் காய்கறியும் வைத்துவிட்டுப் போவாள். அவள் ஏறி இறங்கும்வரை சீனிராஜ் முகக்கவசத்தோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

தொற்று வீடுகளுக்குப் போய்வருகிறவள் என்று வாடகை வீட்டுக்காரர் காளீஸ்வரியின் சாமான்களைத் தெருவில் எடுத்து வைத்துவிட்டார். இப்போது ஒரு பள்ளிக்கூட அறையில் படுக்கிறாள். கேட்டதால் சொன்னாள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று இறங்கிப் போனாள்.

அவளிடம் சீனிராஜைப் பற்றிச் சொல்ல வாயெடுத்த நாளெல்லாம் அவன் கேட்டருகே நின்றிருந்தான்.

வியாழக்கிழமை வந்தது.

படிக்கட்டில் ஏறியது ஒரு ஜோடிச் செருப்பு அல்ல. நான்கு.

கதவைத் திறந்தாள். காளீஸ்வரிக்குப் பின்னால் சீனிராஜ். அவனுக்குப் பின்னால் அவள் பார்த்திராத இரண்டு ஆட்கள். ஒருவன் தோளில் கயிறு. தெருவில் ஒரு லோடு வண்டி பின்கதவு திறந்தபடி நின்றது.

கார் நாளைக்கு என்றுதான் சொல்லியிருந்தான். வண்டி இன்றைக்கே வந்துவிட்டது.

"நோட்டீசக் கிழிச்சிருங்கம்மா. நேரமாகுது," என்றான் சீனிராஜ்.

காளீஸ்வரி கருவியை அவள் நெற்றிக்கு நேராகப் பிடித்தாள்.

அவள் இருமினாள்.

வேண்டுமென்றே இருமியது அவள் காதுக்கே தெரிந்தது. இன்னொரு முறை இருமினாள். கண் நிறைந்தது. அது மட்டும் தானாக வந்தது.

காளீஸ்வரி அவளைப் பார்த்தாள். திரும்பிக் கயிற்றைப் பார்த்தாள். கீழே நின்ற வண்டியைப் பார்த்தாள்.

கருவியில் தொண்ணூற்றேழு புள்ளி நான்கு.

சட்டென்று அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு நோட்டில் எழுதினாள்.

"நூத்தியொண்ணு," என்றாள் உரக்க. "இன்னும் பதினாலு நாள். மேல வர்றவங்களையும் சேத்து அடைச்சு வச்சிருவாங்க."

கயிறு வைத்திருந்தவன் முதலில் இறங்கினான். மற்றவன் அவனை இடித்துக்கொண்டு இறங்கினான்.

காளீஸ்வரி பழைய நோட்டீஸின் மேலேயே புதியதை ஒட்டினாள். ஒட்டும்போது உதடு அசையாமல் சொன்னாள்.

"உள்தாழ்ப்பாள் போட்டுக்கோங்கக்கா. எத்தன தடவ இப்பிடி எழுத முடியும்னு தெரியல."

சீனிராஜ் கடைசியாக இறங்கினான். நின்று, திரும்பிப் பார்த்துச் சொன்னான். குரல் எப்போதும்போல மென்மையாக இருந்தது.

"பதினாலு நாள்தான மதினி. நாங்க எங்க போகப்போறோம்."

தாழ்ப்பாளைப் போட்டாள். ஜன்னலுக்கு வந்தாள்.

காளீஸ்வரி தெருமுனையைத் தாண்டிவிட்டாள். கேட் பூட்டப்பட்டது.

சீனிராஜ் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து படிக்கட்டுக்கு நேரே போட்டு உட்கார்ந்தான். மேலே நிமிர்ந்து, அவள் நின்ற ஜன்னலைப் பார்த்தான்.

முகக்கவசத்தைக் கழற்றினான். நிதானமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.