படகுச் சவாரிக்கு மட்டும் பணமில்லை

"எப்பவும் போல நாளைக்குத் தர்றேன், மறுநாள் தர்றேன்னு நழுவாதீங்க. இன்னிக்கு விடறதா இல்ல" என்றபடி பழுப்பு உறையை மேஜைமேல் வைத்தார் டைப்பிஸ்ட் அக்கா.

பில் பிரிவில் வேலை பார்க்கும் அந்த மேஜைக்காரருக்கு ஆபீசில் 'பட்ஜெட்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

மனைவியோடு ஒருமுறை வெளிநாடு போய்வர வேண்டும் என்று இரண்டு வருடமாகக் காசு சேர்க்கிறார். ஆபீசில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் கண் படும். அதைவிட, கடன் கேட்பார்கள். கேன்டீன் டீயை நிறுத்தினார். முடிவெட்டுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆனது. டிக்கெட், விசா, ஓட்டல் எல்லாவற்றுக்கும் கட்டியாயிற்று. மதியச் சாப்பாட்டோடு அரைநாள் படகுச் சவாரி, அதற்கு மட்டும் பணம் போதவில்லை.

மனைவி ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கணக்கு நோட்டில் அந்த வரியை அவர் அடித்தபோது, 'சரி' என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

"யாருக்குக்கா வசூல்?"

"நம்ம லிஃப்ட்காரர் சம்சாரத்துக்கு. வயித்துல கட்டி. மாசக் கடைசிக்குள்ள ஆபரேஷன் பண்ணியாகணுமாம்."

பட்ஜெட் உறைக்குள் எட்டிப் பார்த்தார். எல்லாரும் தாராளமாகத்தான் போட்டிருந்தார்கள். சில்லறை போட்டுத் தப்ப முடியாது.

"போடக் கூடாதுன்னு இல்லக்கா. எங்க வீட்லயும் இதே கதைதான்."

"என்ன கதை?"

நாக்கு அவரைக் கேட்காமலே ஓடியது. "அவளுக்கும் ஆபரேஷன். இங்க முடியாதுன்னு கைவிரிச்சுட்டாங்க. வெளியூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அடுத்த வாரத்துல இருந்து பத்து நாள் லீவு எழுதிக் குடுத்திருக்கேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ! ஒரு வார்த்தை சொல்லலையே தம்பி. நாங்க வேற உங்களைக் கஞ்சன், கஞ்சன்னு..." முடிக்க முடியாமல் உறையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காசும் மிச்சம், லீவுக்கும் காரணம் ஆயிற்று. பட்ஜெட் அன்று சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை லிஃப்ட்டில் ஏறியதுமே லிஃப்ட்காரர் ஸ்டூலைவிட்டு எழுந்தார். "தங்கச்சிக்கு எப்படி சார் இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"தைரியமா இருங்க சார். உங்க போன் நம்பர் குடுங்க, அப்பப்ப விசாரிச்சுக்கறேன்."

கொடுத்தார். வேறு வழி? அதன்பிறகு தினமும் இதே கேள்வி, இதே பதில். பாவம், அந்த ஆளுடைய சம்சாரம் எப்படி இருக்கிறாள் என்று ஒருநாளாவது திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் பேச்சு நீளும் என்று பயம்.

லீவுக்கு முந்தின நாள் காலை, மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றது.

"கரண்ட் போச்சா?"

"இல்ல சார். நான்தான் நிறுத்தினேன்."

 விஷயம் தெரிந்துவிட்டது, மானம் போகப் போகிறது என்று நினைத்தார் பட்ஜெட்.

லிஃப்ட்காரர் காக்கிச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தது அதே பழுப்பு உறை.

"வெச்சுக்கங்க சார். எல்லார் முன்னாடியும் குடுத்தா உங்களுக்குக் கூச்சமா இருக்கும். அதான் இங்க நிறுத்தினேன்."

"இது... உங்க சம்சாரத்துக்கு..."

"அவளுக்கு ரெண்டு மாசம் தள்ளிப் போட்டாச்சு சார். அவளேதான் சொன்னா. 'நமக்கு வலி பழகிப் போச்சு, நான் பல்லைக் கடிச்சுக்கறேன். அந்தப் பொண்ணு ஊர் விட்டு ஊர் போய் காசில்லாமத் தவிக்கக் கூடாது, முதல்ல அவங்களுக்குக் குடுங்க'ன்னா. டைப்பிஸ்ட் அம்மாகிட்டயும் கேட்டுட்டேன். அழுதுட்டாங்க."

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கதவு மூடியிருந்தது. உள்ளே இரண்டே பேர். பட்ஜெட் வாயைத் திறந்தார்.

"வந்ததும் திருப்பிக் குடுத்துடறேன்" என்றார்.

"அதெல்லாம் அப்புறம் சார். தங்கச்சி எழுந்து நடக்கட்டும்." உறையை அவர் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார் லிஃப்ட்காரர்.

பட்ஜெட்டுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. நாலாம் மாடி வரும்வரை இருந்தது.

ஐந்து நாள் கழித்து, கண் கூசும் வெயிலில், படகின் மேல்தளத்தில் அவர் மனைவி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்றில் புடவைத் தலைப்பு நிற்கவில்லை. அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது.

"பணமில்லன்னு அடிச்சீங்களே, எப்படிங்க சேத்தீங்க?"

"எல்லாம் ஒரு கணக்குதான்."

"உங்க சாமர்த்தியம் யாருக்கும் வராது. சரி, ஒரு போட்டோ எடுங்க. எங்க அக்காவுக்கு அனுப்பணும்."

போனை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு செய்தி வந்து விழுந்தது.

'சார், ஆபரேஷன் ஆயிடுச்சா? தங்கச்சி எப்படி இருக்காங்க? என் சம்சாரம் நேத்து ராத்திரி பூரா வலியில தூங்கல. ஆனாலும் உங்களைக் கேக்கச் சொல்லி நச்சரிக்கிறா.'

'நல்லபடியா முடிஞ்சது. கண் முழிச்சுட்டா' என்று தட்டி அனுப்பினார்.

பிறகு போனை உயர்த்திப் பிடித்து, "எங்க, இன்னும் கொஞ்சம் நல்லா சிரி" என்றார் மனைவியிடம்.