கையெறி குண்டு விளக்கு

"இத அப்புடியே அச்செடுத்து, உள்ள லைட் எரியிற மாதிரி ஒண்ணு செஞ்சி குடும்மா."

பெரியவர் மேசைமேல் எடுத்து வைத்ததைப் பார்த்ததும் அம்சவள்ளி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

கையெறி குண்டு.

"பயப்படாத. பொம்மைதான். பிளாஸ்டிக்கு."

கள்ளக்குறிச்சியில் அவள் கடைக்குக் கல்யாண மாலையைக் கொண்டுவருவார்கள், கண்ணாடிபோல் இறுகும் ரெசினில் போட்டுப் பத்திரப்படுத்தித் தரச் சொல்லி. சாவிக்கொத்து கேட்பார்கள், வாசலில் மாட்டப் பேர்ப் பலகை கேட்பார்கள். குண்டோடு வந்தவர் இவர்தான் முதல்.

"எதுக்குங்க ஐயா இது?"

"கரியாலூரும்மா நாங்க. என் பேரு பொன்னுரங்கம். எங்க பையன் சின்னதுரை மிலிட்டரியில இருந்தான். பார்டர்ல குண்டு வெடிச்சி செத்துப் பூட்டான்." பெரியவர் பொம்மையை அவள் பக்கம் நகர்த்தினார். "வாசப்படி பக்கத்துல வெக்கணும். வர்றவங்க போறவங்க எல்லார் கண்ணுலயும் படணும்."

"வூட்டுல அம்மா இருக்காங்களா?"

"இருக்கா. தைலம்மா."

"பெத்த புள்ளய கொன்ன குண்ட அவங்க தெனம் பாக்கணுமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எப்ப வரட்டும்னு மட்டும் சொல்லு."

அவர் போன பிறகும் அம்சவள்ளிக்கு ஆறவில்லை. செத்த பிள்ளையை வாசலில் வைத்துப் பெருமை தேடுகிறாரே, இப்படியும் ஒரு தகப்பனா? அச்செடுக்கப் பொம்மையைச் சுற்றி சிலிக்கோன் ரப்பரை ஊற்றும்போதே கை கூசியது. இந்த வேலையை ஒத்துக்கொண்டிருக்கவே கூடாது என்று தோன்றியது.

அச்சு காய்ந்து, முதல் தடவை ரெசின் ஊற்றியதில் உள்ளே குமிழி குமிழியாக நின்றுவிட்டது. அதுவே போதும் என்று ஓரமாக வைத்தாள்.

வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கப் பொன்னுரங்கம் மறுபடி வந்தார். அவளால் அடக்க முடியவில்லை.

"ஐயா, தப்பா நெனச்சிக்காதீங்க. பையன் சிரிச்ச மொகமா இருக்கிற ஒரு போட்டோ குடுங்க. அதுக்குப் பின்னாடி லைட் வெச்சி அழகா செஞ்சித் தர்றேன். இது வேணாம். ஒரு அம்மாவுக்கு இத செய்யாதீங்க."

பெரியவர், ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் டப்பாக்களுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். 

"குண்டு எதுவும் வெடிக்கலம்மா."

"ஐயா?"

"அவனே சுட்டுக்கினான்."

அம்சவள்ளி கையிலிருந்த கலவைக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒடம்ப பொட்டியில கொண்டாந்த ஆபீசரு என்னைத் தனியா கூப்ட்டு சொன்னாரு. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. தைலம்மாகிட்டயும் குண்டு வெடிச்சிடுச்சின்னு சொல்லிட்டேன். அவளும் நம்பிட்டா. ஆனா துக்கம் விசாரிக்க வர்றவங்க வுட மாட்றாங்கம்மா. எங்க வெடிச்சிது, யாரு போட்டாங்க, பொதைக்கிறப்ப மரியாதைக்கு ஏன் துப்பாக்கி சுடலன்னு அவள வெச்சிக்கினே கேக்கறாங்க. ஒரு நாளு இல்லன்னா ஒரு நாளு எனக்கு வாய் குழறிடும். இது வாசல்ல இருந்தா பாத்ததுமே வாய மூடிக்குவாங்க இல்ல?"

அவர் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார்.

"ஏன் இப்புடி செஞ்சான்னு எனக்கே தெரியல. மரவள்ளி புடுங்கறப்ப லீவுல வர்றேன்னு சொல்லிக்கினு இருந்தான்."

  அவர் எழுந்து போனதும் அம்சவள்ளி குமிழி விழுந்த விளக்கைக் குப்பையில் போட்டாள். புதிதாக ரெசினைக் கலக்கி, ஒரு குமிழிகூட நிற்காமல் மெல்ல மெல்ல ஊற்றினாள்.

விளக்கை வாங்க வந்தது பெரியவர் இல்லை. ஒடிசலான ஒரு அம்மா, கையில் துணிப்பையோடு படியேறி வந்தாள்.

"கரியாலூர்ல இருந்து வர்றேன் கண்ணு. அவருக்கு ஜொரம், எழுந்துக்க முடியல. நான்தான் தைலம்மா."

 பேச்சுக் கொடுக்காமல் அனுப்பிவிட வேண்டும் என்று அம்சவள்ளி அவசரமாக விளக்கைக் காகிதத்தில் சுற்றப் போனாள்.

"ஒரு தபா எரிய வெச்சி காட்டேன்."

அம்சவள்ளி சுவிட்சைத் தட்டினாள். பச்சைக் குண்டுக்குள் மஞ்சள் வெளிச்சம் பரவியது. தைலம்மாள் கண் கொட்டாமல் பார்த்தபடி நின்றாள். அந்தப் பார்வையை அம்சவள்ளியால் தாங்க முடியவில்லை.

"ஒங்க புள்ள பெரிய வீரன்மா. இந்த மாதிரி குண்டு கிட்டத்துல வெடிச்சா ஒண்ணுமே தெரியாதாம். வலியே இருந்திருக்காது."

தைலம்மாள் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். 

"அவரு உண்மைய ஒங்கிட்ட சொல்லிட்டாரா?"

அம்சவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கடைசியா அவன் எனக்குத்தான் போன் பண்ணான். கொல்லையில தனியா களை எடுத்துக்கினு இருந்தேன். என்னால முடியலம்மா, நான் போறேன்னான். வேணாண்டா, வேணாண்டா சாமின்னு கத்துறேன். சுட்ட சத்தம் என் காதுலயே வுழுந்துது."

"அம்மா..."

தைலம்மாள் தானே சுவிட்சை அணைத்தாள். விளக்கைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா? ரெண்டு பேரும் சேந்து அழவாவது செய்யலாமே?"

"சொல்லக் கூடாது. நீயும் சொல்லிடாத. எனக்குத் தெரியாம பாத்துக்கணும்னுதான் அந்த மனுசன் இன்னும் உசுர வெச்சிக்கினு இருக்காரு."