தூணோரம் வாசிப்பவர்

கெய்ரோவின் ஷுப்ராவில் மதியக் காட்சி, இன்று பெண்களுக்கு மட்டும். தகரக் கூரை வெயிலில் சடசடக்கிறது. தர்பூசணி விதை உடைபடும் சத்தம் தூறல் போல நிற்காமல் கேட்கிறது. திரையில் பாரிஸ். சோப்புத்தூள் பனியில் நின்று நம்மூர்ப் பாடகன் ஒரு வெள்ளைக்காரிக்காக உருகிக்கொண்டிருக்கிறான். எல்லோரும் அவனைப் பார்க்கிறார்கள். நான் வலது ஓரத்துத் தூணைப் பார்க்கிறேன். அங்கே ஊத் வாத்தியத்தின்மேல் குனிந்து, இடது தோளைக் கொஞ்சம் தூக்கியபடி வாசிப்பவர் என் வீட்டுக்காரர் லுத்ஃபி. அவர் போய் நாற்பத்தோரு நாள். படத்தை இன்றோடு தூக்குகிறார்கள். கறுப்புடுத்தியவள் சினிமாவுக்குப் போகலாமா என்று தயங்கிய என்னைப் பக்கத்து வீட்டு நஜாத்தான் இழுத்து வந்தாள். வந்ததிலிருந்து முனகுகிறாள்: "இவன் பாட்டுக்கு எங்க வீட்டு ஆடே தேவலைடி." பாட்டு முடிகிறது. தூண் மறைகிறது. நஜாத் செருப்பைக் கழற்றி முன் நாற்காலியின் முதுகில் அறைகிறாள். "திரும்பப் போடு! ஏய், மேல இருக்கிறவனே, தூங்கிட்டியா?" கொஞ்ச நேரத்தில் அரங்கு முழுக்கச் செருப்புச் சத்தம். கூட்டம் கேட்டால் படம் ஓட்டுபவன் சுருளைப் பின்னோக்கிச் சுற்றியே ஆகவேண்டும், இங்கே வழக்கம் அப்படி. மறுபடி பனி, மறுபடி தூண், மறுபடி அந்தத் தோள். அது முடிந்ததும் நஜாத் மறுபடி செருப்பை ஓங்குகிறாள். கத்திக் கத்தித் தொண்டை கம்மிவிட்டது. மூன்றாம் முறை பனி விழத் தொடங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். "ஆட்டுக் குரல் அவ்வளவு பிடிச்சுப்போச்சா?" என்கிறேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. "வாயை மூடிக்கிட்டு அந்தத் தூணைப் பாருடி."